வளைவில் நின்றவர்கள்

கொங் குவான் பிஸ்கட் டின்னின் மூடியை நெம்பித் திறந்ததும் அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தார். "என்னங்க, வினிகர் பாட்டிலை உடைச்சிட்டீங்களா?"

உடைக்கவில்லை. பழைய ஃபிலிம் கெட ஆரம்பித்தால் வருகிற வாடை அது. நெகட்டிவின் அடித்தகடு அசிடேட்டால் ஆனது. சூடும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். பினாங்கில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் என்றைக்குப் பஞ்சம்? பீரோவில் வைத்த லென்ஸுக்குள்ளே பூஞ்சை படர்கிற ஊர் இது. மூக்கைப் பொத்திக்கொண்டு துண்டு துண்டாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாமே கார்கள். சேறு தெறிக்க, புழுதி கிளப்பி, வளைவில் பக்கவாட்டாக வழுக்கிக்கொண்டு வரும் ராலி கார்கள்.

நான் கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்தவன். கல்யாணம், காதணி விழா, தைப்பூசக் காவடி என்று எடுத்ததெல்லாம் ஆல்பமாகி அவரவர் வீட்டுக்குப் போய்விட்டது. யாரும் கேட்காமல், யாரும் ஒரு வெள்ளி கூடக் கொடுக்காமல் எடுத்தவை மட்டும் டின்னில் தங்கிவிட்டன.

இந்தப் பைத்தியத்தை எனக்கு ஏற்றிவிட்டவர் மாமா. பினாங்கு ரோட்டை ஒட்டிய சந்தில் அவருக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. முன்னால் பாஸ்போர்ட் படம், பின்னால் இருட்டறை, நடுவில் ஊட்டி ஏரி வரைந்த திரை. டின்னின் அடியில் கிடந்த முதல் துண்டு அவர் எடுத்ததுதான். 1977.

அந்த வருஷம் லண்டனிலிருந்து சிட்னி வரை ஒரு ராலி நடந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணம் போட்ட பந்தயம். ஆகஸ்ட் நடுவில் லண்டன் காவன்ட் கார்டன் ஆப்பரா அரங்கின் முன் புறப்பட்டு, செப்டம்பர் கடைசியில் சிட்னி ஆப்பரா அரங்கில் முடிந்தது. கிட்டத்தட்ட 30,000 கிலோமீட்டர். ஐரோப்பா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் எல்லாம் கடந்து வண்டிகள் மெட்ராஸ் வந்து சேர்ந்தன. அங்கே கப்பலில் ஏற்றி எங்கள் பினாங்கில் இறக்கினார்கள். இங்கிருந்து சிங்கப்பூர் வரை ஓட்டிப் போய், மறுபடியும் கப்பலேறி ஆஸ்திரேலியா. மாமா இதைச் சொன்னபோது ரோட்டைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ பாட்டி கேட்கவில்லை. வெற்றிலையை மடித்தபடி, "மெட்ராசுல ஏறி பினாங்குல எறங்குதா? நாங்க வந்த வழிதான்" என்றார். அவர் வந்தது ரஜூலா கப்பலில், தளத்தில் பாய் விரித்து. அந்தக் கப்பல் போய் 'சிதம்பரம்' ஓடிக்கொண்டிருந்த காலம் அது. மெர்சிடிஸும் சித்ரோயனும் நம்மவர்கள் வந்த தடத்திலேயே வருகின்றன என்பதில் பாட்டிக்கு ஒரு திருப்தி. கார்களுக்கும் கப்பலில் வாந்தி வருமா என்று என் தம்பி கேட்டுத் தலையில் குட்டு வாங்கினான்.

என்னைக் கூட்டிப் போகவில்லை, பள்ளிக்கூடம் இருந்தது. மாமா மட்டும் தன் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு இரவில் வந்தார். இருட்டறைச் சிவப்பு விளக்கில், தட்டில் மிதந்த தாளில் ஒரு மெர்சிடிஸ் மெல்ல எழுந்து வந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. வண்டி கூர்மையாக இருந்தது. பின்னால் இருந்த மரம், கடை, சைக்கிள் நிறுத்தி வேடிக்கை பார்த்த ஜனம் எல்லாம் இழுத்துத் தேய்த்த சாம்பல் கோடுகள். "ஆட்டிட்டியா மாமா?" என்று கேட்டேன். "ஆட்டுனதாலதாண்டா வண்டி ஓடுது" என்றார். அந்தப் பந்தயத்தை வென்றது ஒரு மெர்சிடிஸ் 280ஈ. ஓட்டிய ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ கோவன் 1968-ல் நடந்த முதல் லண்டன்–சிட்னி பந்தயத்தையும் ஹில்மன் ஹன்டரில் வென்றவர். மாமா எடுத்த மெர்சிடிஸ் அவருடையதுதானா என்று தெரிய நம்பர் தகடு அந்தப் படத்தில் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் அது கோவன் வண்டிதான் என்று முடிவாகிவிட்டது.

அந்த வித்தைக்கான பாடம் பாடாங் கோத்தாவில் நடந்தது. சாயங்காலம் கடற்கரையோரம், வெள்ளை நகர மண்டபத்துக்கு எதிரே. கேமராவில் ஃபிலிம் கிடையாது. ஃபிலிம் விலைக்கு யார் பதில் சொல்வது? சைக்கிள் ரிக்‌ஷா வரும். பினாங்கு ரிக்‌ஷாவில் பயணி முன்னால் உட்காருவார், மிதிப்பவர் பின்னால். பயணியின் மூக்கை வ்யூஃபைண்டர் நடுவில் பிடித்துக்கொண்டு கூடவே திரும்ப வேண்டும். "இடுப்புக்குக் கீழ அம்மிக்கல்லு மாதிரி நில்லு. மேல மட்டும் திரும்பு. கிளிக் பண்ணிட்டு நிக்காதே, அது போற வரைக்கும் கூடப் போ." கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். பட்டனை அழுத்தியதும் வேலை முடிந்தது என்று கை தானாக நிற்கும். அங்கேதான் படம் கெடும். ரிக்‌ஷா பழகி, பிறகு கப்சாய் மோட்டார் சைக்கிள், பிறகு டாக்சி. ஃபிலிமே இல்லாமல் எத்தனை மாதம் அப்படித் திரும்பிக்கொண்டிருந்தேனோ. ரிக்‌ஷாக்காரர்கள் எனக்குக் கை காட்டிவிட்டுப் போகும் அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

கணக்கையும் மாமாவே போட்டுக் காட்டினார், ஃபிலிம் அட்டையின் பின்பக்கத்தில். மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் போகும். ஷட்டரை 1/1000-ல் வைத்தால், அது திறந்து மூடுவதற்குள் வண்டி நகர்வது இரண்டரை சென்டிமீட்டர். சக்கரம் அசையாமல் நிற்கும், படத்தில் வண்டியை யாரோ ரோட்டில் பார்க் பண்ணிவிட்டுப் போனதாகத் தெரியும். 1/60-ல் வைத்தால் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். அதற்குள் சக்கரம் கால் சுற்றை நெருங்கியிருக்கும். வண்டியோடு நாமும் அதே வேகத்தில் திரும்பினால் வண்டி தெளியும், சக்கரம் சுழலும், உலகம் கரையும். எல்லாவற்றையும் உறைய வைத்து எடுக்கும் ராலிப் படங்கள் இன்றைக்கும் நிறைய வருகின்றன. தூசியின் ஒவ்வொரு பொட்டும் தெரியும். எனக்கு அவை பொய்யாகவே படுகின்றன.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்து எஸ்.எல்.ஆர். கேமராவில் ஷட்டர் திறக்கும் கணத்தில் உள்ளே கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். கண்ணுக்கு முன்னால் இருட்டு. அதாவது, எந்தக் கணத்தைப் படம் பிடித்தோமோ அந்தக் கணத்தை மட்டும் பிடித்தவன் பார்ப்பதில்லை. வண்டி எங்கே இருக்கும் என்று நம்பித் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வண்டியோடு கேமராவைத் திருப்புவது பழைய வித்தை. ழாக் ஆன்ரி லார்த்திக் என்ற பிரெஞ்சு இளைஞர், 1912 என்று தேதி இட்டு வழங்கும் படமொன்றில், கிராண்ட் பிரீ பந்தயக் கார் ஒன்றை இப்படித் துரத்தியிருக்கிறார். அவருடைய கேமராவில் ஷட்டர் என்பது ஓடும் ஒரு சிறு பிளவு. பிளவு மேலிருந்து கீழே நகர்வதற்குள் வண்டி முன்னே போய்விட்டதால் சக்கரம் முட்டை வடிவில் முன்னுக்குச் சாய்ந்திருக்கிறது. ஓரத்தில் நின்று பார்த்த ஜனமும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. 1963-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்த பிறகுதான் அவர் படங்கள் உலகுக்குத் தெரியவந்தன. மாமாவிடம் ஒரு பத்திரிகையில் அந்தப் படம் இருந்தது. காருக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் அந்த மனிதர்கள் யார் என்று அப்போதே எனக்கு ஒரு கேள்வி. மாமாவுக்கு அதில் அக்கறை இல்லை. "வண்டியைப் பாரு" என்பார்.

சம்பாதிக்க ஆரம்பித்து நிக்கான் எஃப்.எம்.2 வாங்கிய பிறகு நானே கிளம்பினேன். ஆசிய-பசிபிக் ராலி சாம்பியன்ஷிப் 1988-ல் தொடங்கியது, மலேசிய ராலி அதில் வெகுகாலம் ஒரு சுற்று. பந்தயம் நடப்பது தெற்கே, தோட்டத்துச் செம்மண் பாதைகளில். 1985-ல் பினாங்குப் பாலம் திறந்துவிட்டது என்றாலும் எனக்கு ஃபெரிதான். பையை மடியில் வைத்துக்கொண்டு பட்டர்வொர்த், அங்கிருந்து இரவு ரயில். உறையில் நாற்பது ரோல் ஃபிலிம் கொண்டுவருகிற வெளிநாட்டுக்காரர்கள் நடுவில், நான் கல்யாண வேலையில் மிச்சம் பிடித்த ரோல்களோடு நிற்பேன்.

தோட்டத்தில் ஒரு ராலிக் காலை எப்படி விடியும் என்று சொல்ல வேண்டும். பாதையை மூடிவிடுவார்கள் என்பதால் முந்தின நாளே போய்ச் சேர வேண்டும். கிராணி யாராவது வீட்டுத் திண்ணை கிடைக்கும், இல்லாவிட்டால் மாரியம்மன் கோயில் மண்டபம். ஐந்து மணிக்கெல்லாம் லயத்தில் விளக்கு எரியும். ஓர் அம்மா பால் டின்னில் கயிறு கட்டிய கோப்பியை நீட்டி, "பசியாறிட்டியாப்பா?" என்பார். நான் யார், எந்த ஊர், எதற்கு வந்தேன் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். பினாங்கு என்றதும், "தைப்பூசத்துக்கு ஒரு வருசம் வந்தோம், தண்ணீர்மலைக்கு" என்று யாராவது தொடங்குவார்கள்.

எங்கே நிற்பது என்பதுதான் பாதி வேலை. வளைவின் வெளிப்பக்கம் நிற்கவே கூடாது, வழுக்கினால் வண்டி அங்கேதான் வரும். உட்பக்கத்து மேடு நல்லது. ஒரு முறை நான் உட்பக்க மேடு ஒன்றில் இடம் பிடித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் பால் வாளியோடு வந்த பெரியவர் நின்று பார்த்தார்.

"தம்பி, இந்த எடம் வேணாம்."

"உள்பக்கம்தானே தாத்தா?"

"உள்பக்கம்தான். ஆனா ரோடு இங்கிட்டு சாஞ்சிருக்கு. மழ பேஞ்சா பால் லோரி ரெண்டு தடவ இந்தக் கானுக்குள்ளதான் விழுந்துச்சு. அந்தப் புளிய மரத்துக்குப் பின்னால போ."

போனேன். இரவில் தூறியிருந்தது. நாலாவதோ ஐந்தாவதோ வந்த வண்டி, அவர் சொன்ன கானுக்குள் பின்சக்கரத்தை இறக்கி, நான் முதலில் நின்ற மேட்டைச் சீவிக்கொண்டு போனது. பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லோரி ஓட்டத் தெரியாதவன் என்று அந்த உலகத் தரத்து ஓட்டுநரைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார்.

முதலில் ஜீரோ கார் வரும், சைரன் போட்டுக்கொண்டு, பாதை காலிதானா என்று பார்க்க. அப்புறம் ஓர் அமைதி. குரங்குகள் கூட அடங்கிவிடும். பிறகு இரண்டு குன்றுக்கு அப்பால் பட் பட்டென்று வெடிச் சத்தம், டர்போ எஞ்சின் மூச்சு விடுவது. கியர் குறையும் ஒலியை வைத்தே எத்தனை வளைவு பாக்கி என்று பையன்கள் எண்ணத் தொடங்குவார்கள். பாதையில் ஒரு கல்லைக் குறிவைத்து முன்பே ஃபோகஸ் செய்திருப்பேன். வண்டி தெரிந்ததும் அதோடு ஒட்டிக்கொண்டு, கல்லைத் தாண்டும்போது அழுத்தி, அது மறையும் வரை திரும்ப வேண்டும். இரண்டு நிமிஷம் கழித்து அடுத்தது. நடுவில் முகத்துச் சேற்றைத் துடைக்கலாம், காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கலாம்.

ஒரு காலத்தில் நீல நிறச் சுபாருதான் எல்லாருக்கும் பிடித்த வண்டி. பக்கவாட்டில் மஞ்சளில் 555 என்று பெரிதாக எழுதியிருக்கும். நியூசிலாந்தின் பொஸம் போர்ன் 1993, 1994 என்று அடுத்தடுத்து ஆசிய-பசிபிக் பட்டம் வென்ற நாட்கள். தோட்டத்து ஆட்களுக்கு போர்ன் யார் என்று தெரியாது. 555 தெரியும், கல்யாண வீட்டுத் தட்டில் வைக்கும் சிகரெட். "சிகரெட்டுக் கம்பெனிக்காரன் வந்துட்டான்" என்று கத்துவார்கள்.

நம்ம ஆள் என்று கத்தியது கரம்ஜித் சிங்குக்கு. 2002-ல் புரோட்டான் பெர்ட்டில், பக்கத்தில் ஆலன் ஓ வழி சொல்ல, தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை அவர் வென்றார். 'பறக்கும் சீக்கியர்' என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பட்டப்பெயர் ஏற்கெனவே ஓட்டக்காரர் மில்கா சிங்குக்கும், கென்யாவில் சஃபாரி ராலியை மூன்று முறை வென்ற ஜோகிந்தர் சிங்குக்கும் இருந்தது. சீக்கியர் என்றால் பறந்தே ஆக வேண்டும் போலிருக்கிறது. கரம்ஜித் வளைவுக்குள் நுழையும் விதம் எனக்குப் பிடிக்கும். ஆர்ப்பாட்டம் இருக்காது, வாலை அளவுக்கு மேல் வீச மாட்டார். படம் எடுப்பவனுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான், கடிகாரத்துக்கு இல்லை.

பல வருஷம் கழித்து ஜொகூரில் செம்பனைத் தோட்டத்தில் நின்றபோது வந்தது கௌரவ் கில். சென்னை எம்.ஆர்.எஃப். அணியின் ஸ்கோடா ஃபேபியா. 2013-ல் அவர்தான் ஆசிய-பசிபிக் சாம்பியன். எம்.ஆர்.எஃப். என்றால் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, 1946-ல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனி. பாட்டி இருந்திருந்தால் சொல்லியிருப்பார்: இதுவும் மெட்ராசுலேருந்தா?

ஆனால் அந்த ஜொகூர்க் காலையில் கோப்பி நீட்ட யாரும் இல்லை. பால் மரங்களை வெட்டிச் செம்பனை வைத்த பிறகு வேலைக்கு இந்தோனேசியர்கள், வங்காளதேசத்தார். நம் சனங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். படமும் மாறிவிட்டது. பால் மரத் தோட்டத்தில் வரிசையான மெல்லிய தண்டுகள் கேமரா திரும்பும்போது சாம்பல் பட்டுத் துணியாக மாறும், ஊடே வெளிச்சம் பாயும். செம்பனைக்குள் நடுப்பகலிலும் இருட்டு. பின்னணி கரும்பச்சைக் குழம்பு. ஃபிலிமை இரண்டு ஸ்டாப் தள்ளிக் கழுவினாலும் தேறாது. டிஜிட்டல் வந்ததே செம்பனைக்காகத்தானோ என்று தோன்றும்.

கயிறு கட்டி, வண்ணச் சட்டை மாட்டி, விசில் ஊதும் மார்ஷல்கள் இப்போது நிறைய. அதைக் குறை சொல்ல மாட்டேன். 1986-ல் போர்ச்சுகல் ராலியில் ஃபோர்டு வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்து மூன்று பேர் செத்தார்கள். ஓடும் காரைக் கையால் தொட்டுப் பார்ப்பதை வீரமாக நினைத்த காலம் அது. குரூப் பி எனப்பட்ட அந்த அசுர வண்டிகளுக்கு அடுத்த வருஷமே தடை வந்தது.

என் அக்கா மகன் இப்போது கண்ணாடியே இல்லாத கேமராவில் நொடிக்கு இருபது படம் எடுக்கிறான். இருட்டும் கிடையாது, வண்டியின் ஹெல்மெட்டை கேமராவே தேடிப் பிடித்துக்கொள்கிறது. படங்கள் நன்றாகவே இருக்கின்றன. டின்னைக் காட்டியபோது, ஸ்கேன் பண்ணிவிடலாம் மாமா, புளிப்பு ஏறினால் அப்புறம் சுருங்கிவிடும் என்றான். அவனே உட்கார்ந்து பண்ணவும் செய்தான். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. நல்ல படங்களில் மனிதர்களே இல்லை. வண்டி தெளிந்திருக்கிறது, ஜனம் கோடாகியிருக்கிறது. அதுதான் வித்தை, அதைத்தான் பழகினேன். வண்டி போன பிறகு ரோலை முடிப்பதற்காகச் சும்மா தட்டியவை, ஜீரோ காருக்கு முன் வெளிச்சம் பார்க்க எடுத்தவை, இவற்றில்தான் அவர்கள் இருக்கிறார்கள். தாவணிப் பெண்கள், சிலுவார் போட்ட பையன்கள், வாளியோடு தாத்தா, புளிய மரம், லயத்தின் தகரக் கூரை. ஒருநாளும் பிரின்ட் போடாத பிரேம்கள்.

அக்கா மகன் அவற்றில் சிலவற்றை வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்ப, அது அந்தத் தோட்டத்தில் பிறந்து இப்போது புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் ஒருவரை எட்டிவிட்டது. மறுநாளே கூப்பிட்டார். "அண்ணே, அந்த நீலக் கார் படம் இருக்கே, அதையும் பெருசா அனுப்புங்க." அனுப்பினேன். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பின்னால வெள்ளையா ஒரு கோடு ஓடுது பாருங்க, அதான் எங்க வீடு. ஆறாம் நம்பர் லயம், கடைசி வீடு" என்றார். 1/60-ல் இழுபட்ட வெறும் வெள்ளை. எனக்கு எதுவும் தெரியவில்லை. சரி என்றேன்.

அன்று இரவே அவருடைய அண்ணன் கூப்பிட்டார். "அவன் சின்னப் பய, அவனுக்கு என்னா தெரியும்? அது வீடே இல்ல. ரொட்டிக்காரர் மோட்டார் நிறுத்துற கொட்டாய். வீடு அதுக்கும் மேல, கோயில் பக்கம்." இப்போது அவர்கள் குரூப்பில் இரண்டு கட்சி. அடுத்த மாதம் மாரியம்மன் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து ஆட்கள் எல்லாம் கூடுகிறார்களாம், நெகட்டிவையே எடுத்துக்கொண்டு வந்து தீர்த்து வைக்க வேண்டுமாம். வரும்போது லோரி விழுந்த கானுக்குப் பக்கத்தில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அண்ணன்காரர், லோரி ஓட்டியது அவர்கள் சித்தப்பாவாம்.